வால்வு பின் என் கையில் இருந்த நேரம்

நான் வேலை பார்த்த டயர் கடையில் இப்போது மூன்று பெண்கள் காற்றுப் பிடிக்கிறார்கள். போன மாதம் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் என்னைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது வருகிற கார்களில் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்று ஸ்டியரிங் பக்கத்திலேயே எண்ணாகத் தெரிகிறதாம். உங்கள் காலத்தில் வெறும் மஞ்சள் விளக்குதானே, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு வார்த்தை சொன்னேன். அப்புறம் எல்லோரும் என் முகத்தையே பார்த்ததும் நின்றுபோனது. நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. "சரி விடுங்கக்கா, எழுதிக் குடுங்க, நாங்க படிச்சுக்கறோம்" என்றாள் ஒருத்தி. ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உத்தனப்பள்ளிப் பக்கம். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு கூட்டிப் பெருக்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது கடை. லாரியும் வரும், கம்பெனிக் காரும் வரும். காற்றுப் பிடிக்கிற ஆள் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அன்றைக்கு ஆள் கிடைக்காமல், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தக் காற்று ஓஸைப் பிடி என்றார்கள். பிடித்தேன். பிறகு அதுவே என் வேலை ஆகிவிட்டது. எண் படிக்கத் தெரியும், குனிந்து நிமிர உடம்பு இருந்தது, வாடிக்கைக்காரரோடு பேச வேண்டியதில்லை. எனக்கு வேறென்ன வேண்டும்?

கடையில் போர்மேன் சுடலைமுத்து சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சாகவே இருந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதுதான் பயம். கத்துகிற மனிதர் என்றால் கத்தி முடித்ததும் விட்டுவிடுவார். இவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பார். எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். முப்பத்து மூன்று சார் என்றால் போதாது, "காட்டு" என்பார். காற்று அளக்கிற கேஜை மறுபடி வால்வில் வைத்து அவர் கண் முன்னால் முள் எழும்ப வேண்டும். எந்த எண்ணையும் அவர் வெறும் வாய்ச்சொல்லாக ஏற்றுக்கொண்டதில்லை.

அவருடைய முறை இது. வண்டி வந்து நின்றதும் கேஜை எடுக்கக் கூடாது. முதலில் புறங்கையை டயர் மேல் வைக்க வேண்டும். நான்கு டயரிலும், ஒரே மாதிரி, ஒரே இடத்தில். உள்ளங்கை காய்ப்புப் பிடித்தது, அதற்குச் சூடு தெரியாது, புறங்கைதான் சொல்லும் என்பார். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் கொதிக்கும். உள்ளே காற்று உப்பி, கேஜில் கூடுதலாகக் காட்டும். அந்த நேரம் அளந்து, அதிகம் என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் ஆறியதும் காற்றுக் குறைந்து கிடக்கும். அதனால் சூடாக இருந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். பிறகுதான் கேஜ். காற்றுப் பிடித்த பின் விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைக்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. இல்லையென்றால் மூடியைப் போட்டுத் திருக வேண்டும்.

இந்த 'ஆறட்டும்' என்கிற வார்த்தையால் கடையில் தினமும் சண்டை. ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிப் போகிற டெம்போக்காரர்கள் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார்கள். ஒருத்தர், தக்காளி அழுகிப்போனால் உங்கள் சார் சாப்பிடுவாரா என்று என்னைக் கேட்டார். சார் கேட்டுக்கொண்டே வந்து, "ரசம் வச்சுக் குடிச்சுக்கிடுதேன், டயரு ஆறட்டும்" என்றார். அந்த டெம்போக்காரரே சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போனார். எனக்கு அந்தத் தைரியம் வராது. சார் இல்லாத நேரம் யாராவது அவசரப்படுத்தினால் கேஜை இரண்டு தடவை வைத்துப் பார்ப்பேன். அனுப்பிய பிறகும் சந்தேகம் விடாது; மூடி போட்டேனா, எச்சில் தொட்டுப் பார்த்தேனா என்று பஸ்ஸில் போகும்போதும் யோசித்துக்கொண்டே போவேன். சூளகிரிப் பக்கம் கார் கவிழ்ந்தது என்று யாராவது சொன்னால், என்ன நிறம் என்று கேட்பேன்.

மஞ்சள் விளக்கு வைத்த கார் எங்களிடம் வரத் தொடங்கியது 2008-ஆம் வருஷம். பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அதன் வெளிநாட்டு அதிகாரிக்குக் கம்பெனி கொடுத்த சாம்பல் நிறக் கார். டிரைவர் நாகராஜ். ஓசூர்க்காரன், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். வேலை நிரந்தரமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. காரைச் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தான். எங்கள் கை படுவதற்கு முன் பனியன் துணியைத் தேடி எடுத்து எங்கள் கையைத் துடைக்கச் சொல்வான்.

அந்தக் காரில்தான் முதன்முதலாக அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தோம். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. சார் காரோடு வந்த புத்தகத்தை வாங்கி, படத்தைப் பார்த்துப் பார்த்து அரை நாள் படித்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் ஒரு பொத்தான். நான்கு சக்கரத்திலும் சரியான காற்றை வைத்துவிட்டு, சாவியைத் திருப்பி, வண்டி நின்றபடியே அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். விளக்கு மூன்று தடவை மினுக்கி அணையும். அந்த நேரத்தில் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறதோ அதுதான் சரி என்று வண்டி மனதில் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து ஒரு டயர் குறைந்தால் விளக்கு எரியும்.

சார் என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "குறைஞ்ச காத்துல அமுக்குனா என்ன ஆகும், சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்தது, ஆனால் வாய் வரவில்லை. அவரே, குறைந்ததைத்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும், விளக்கும் அணைந்துவிடும் என்றார். அதனால் இந்தக் கடையில் நான்கு டயரையும் ஆறவிட்டு, அளந்து, கசிவு பார்க்காமல் யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. அளக்கிறவள் நான் என்பதால் அமுக்குகிறவளும் நானே. அப்படி ஒரு சட்டம் போட்டார். காருக்குள் உட்காரக் கூச்சப்பட்டு, கதவைத் திறந்து வெளியே நின்றபடியே குனிந்து அமுக்குவேன். நாகராஜ், அக்கா கோயிலில் தீபாராதனை எடுக்கிற மாதிரி அமுக்குகிறார் என்று கேலி பண்ணுவான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது நாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சூளகிரிக்கு அப்பால் ஒரு லாரி டயர் வெடித்து நிற்கிறது என்று சாரும் மற்ற இரண்டு ஆட்களும் ஜாக்கியோடு போய்விட்டார்கள். கடையில் நான் மட்டும். கல்லாவில் முதலாளியின் மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாகராஜ் வேகமாக வந்து நிறுத்தினான். பூஜைச் சந்தனம் குங்குமம் இன்னும் சக்கரங்களில் அப்படியே இருந்தது. இறங்கும்போதே, "அக்கா, விளக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அமுக்கிக் குடுங்க, நாலு மணிக்கு ஐயாவ ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்" என்றான். பொத்தான் உன் முழங்கால் பக்கம்தானே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆனால் என் முகம் கேட்டிருக்க வேண்டும். அவனே சொன்னான். முந்தாநாள் விளக்கு வந்ததாம், அவனே அமுக்கினானாம், அணைந்ததாம். நேற்று மறுபடி வந்ததாம், மறுபடி அமுக்கினானாம். இன்று காலையில் அதிகாரி பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே எரிந்துவிட்டது. அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, வண்டியைச் சரியாகப் பராமரிக்கிற டிரைவர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் நாகராஜைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை அந்த விளக்கு எரிந்தாலும், இன்றைக்கு வண்டி நேரத்துக்கு வராவிட்டாலும் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் அமுக்குனா ஒரு நாளுதான் நிக்குது. நீங்க அமுக்குனா மாசக்கணக்கா வர்றதில்ல. உங்க கை ராசிக்கா" என்றான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டு வந்திருந்தான்.

இரண்டு நாளாக அவன் அந்த வண்டிக்கு, இருக்கிறது போதும், இருக்கிறது போதும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். போய்ப் புறங்கையை வைத்தேன். முன் இரண்டும் வெதுவெதுப்பு. பின்னால் வலது பக்கம் வெதுவெதுப்பு. பின்னால் இடது பக்கம் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தேன். தோசைக்கல்.

கேஜ் வைத்தேன். முப்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில், சூட்டில் உப்பியும் பதினேழுதான் காட்டியது. அந்த டயர்களின் பக்கச் சுவர் குட்டையானது. பார்த்தால் காற்றுக் குறைவது அவ்வளவாகத் தெரியாது. சுற்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஆணி எதுவும் இல்லை. வால்வில் எச்சில் தொட்டேன். சின்னக் குமிழி, நின்று நின்று வந்தது. குனிந்து பார்த்தபோது வால்வு வாய்க்குள் மஞ்சள் தெரிந்தது. சந்தனம்.

விரலால் காட்டினேன், அவனே சொன்னான். பூஜைக்கு முன்னால் வால்வு மூடிகளையெல்லாம் கழற்றிப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறான். சக்கரத்துக்கு ஒரு பொட்டு வைத்தவன், வால்வு நுனிக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறான். பூஜை முடிந்த கையோடு பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்திருக்கிறான். காய்ந்த சந்தனம் காற்றோடு உள்ளே போய் வால்வு பின்னின் அடியில் உட்கார்ந்துவிட்டது. பின் முழுசாக மூடவில்லை. பக்தியாய்ச் செய்த காரியத்தை நான் என்னவென்று குறை சொல்வது?

வால்வு பின் என்பது ஒரு சின்ன ஊசி மாதிரிதான் இருக்கும். திருகிக் கழற்றிப் புதுசு போட ஒரு நிமிஷம் ஆகாது. கழற்றும்போது உள்ளே இருக்கிற காற்று முழுவதும் போய்விடும். பின்னைப் போட்டு மறுபடி காற்று ஏற்ற வேண்டும். கழற்றினேன். சீறிக்கொண்டு வந்தது. அந்தக் காற்றில் ஒரு வாசனை வந்தது. எரிந்த ரப்பர் வாசனை. வெளியே இருந்து வரவில்லை, டயருக்குள்ளே இருந்து வந்தது.

சார் ஒரு தடவை இதைச் சொல்லியிருந்தார். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து உள்பக்கம் அரைபடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு சரியான காற்று வைத்தாலும் அது தாங்கும் என்று சொல்ல முடியாது. நான் கேட்டதுதான், பார்த்ததில்லை. அந்த வாசனைதான் அது என்று எனக்கு நிச்சயமாகவும் தெரியாது.

சக்கரம் முழுசாக உட்கார்ந்துவிட்டது. புதுப் பின் என் இடது கையில் இருந்தது. "போடுங்கக்கா, காத்து ஏத்துங்க, பொத்தான அமுக்குங்க, நான் கெளம்பறேன்" என்றான் நாகராஜ்.

டயரைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. நான் காற்றுப் பிடிக்கிறவள். மெஷினில் டயர் கழற்ற எனக்குத் தெரியாது, சார் வர வேண்டும். வருவதற்குள் நாலு மணி ஆகிவிடும். என் மூக்குக்கு ஒரு வாசனை வந்தது என்பதற்காக ஒருத்தன் வேலையைப் பிடித்து வைப்பதா? வாசனை பொய்யாக இருந்தால்? போட்டு அனுப்பினாலோ, அந்தக் காரில் இரண்டு பேர், பெங்களூரு ரோடு, லாரிகள். நான் அமுக்கினால் விளக்கும் அணைந்து, எல்லாம் சரி என்று சொல்லும். சொன்னது விளக்கா, நானா?

கையை மூடிக்கொண்டேன். தீர்மானம் பண்ணி மூடினேன் என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வது. கை மூடிக்கொண்டது, திறக்க வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அவன் நான் தேடுகிறேன் என்று நினைத்தான். கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் கத்தினான். முதலில் தமிழ், பிறகு கன்னடம், கடைசியில் தெலுங்கு. எனக்கு மூன்றும் புரியும் என்பதை மறந்துவிட்டான். மச்சான் எழுந்து வந்து, என்னம்மா, போட்டு அனுப்ப வேண்டியதுதானே என்றார். கடைப் போனிலிருந்து சாருக்குப் போட்டுக் கொடுங்கள் என்று சைகை காட்டினேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வேண்டுமானால் வேறு கடைக்குப் போகலாம் என்று மச்சான் நாகராஜிடம் சொன்னார். உட்கார்ந்த சக்கரத்தோடு எங்கே போவான்? டிக்கியிலிருந்து மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியை எடுத்தான், அதிலும் காற்று இறங்கிப்போய், அளவுக்குப் பாதிதான் இருந்தது. அதில் காற்று ஏற்றினாலும் மாட்ட வழியில்லை; கார் ஜாக்கியைப் பூஜைக்குக் கழுவும்போது வீட்டில் இறக்கி வைத்திருந்தான், கடை ஜாக்கி சாரோடு போயிருந்தது.

கத்தியது கூடத் தாங்கிவிட்டேன். பிறகு அவன் சத்தம் இறங்கியது. எனக்கு எதிரே தரையில் குந்தினான்.

"அக்கா. இந்த வேலைக்கு எட்டு வருசம் ஆக்டிங் டிரைவரா அலஞ்சிருக்கேன். நீ குடுக்காட்டி எனக்குப் போயிரும். உனக்கு நான் என்னா பண்ணுனேன்?"

அதுவரை 'நீங்க' என்றவன் 'நீ' என்றான். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. வீட்டு ஆளிடம் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. "உள்ள வாசன வருது நாகராசு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவனுக்கு அது ஒன்றும் புரியவில்லை.

சார் வரும்போது மூன்றரை தாண்டிவிட்டது. லாரியிலிருந்து இறங்கி நேராக வந்தார். உட்கார்ந்த சக்கரம், தரையில் நாகராஜ், மூடின என் கை. மூன்றையும் பார்த்தார். வால்வுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து மோந்தார். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் ஏற்றச் சொன்னார். ஸ்டெப்னியில் காற்று ஏற்றி மாட்டும் வேலையும் கூடவே நடக்கட்டும் என்றார்.

ரிம்மிலிருந்து டயர் விடுபட்டதும் சார் அதைச் சாய்த்துத் தட்டினார். உள்ளேயிருந்து கறுப்பாகத் துருவல் கொட்டியது. இரண்டு கை கொள்ளும். பக்கச் சுவரின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வளையமாக அரைபட்டு, நூல் தெரிந்தது. சார் திட்டவில்லை. ஒரு பிடி எடுத்து நாகராஜின் கையை இழுத்து அதில் வைத்தார்.

"இதக் கொண்டுபோயி ஒங்க ஆபீசர்ட்ட காட்டுங்க. நேரமானதுக்கு நான் வேணும்னா பேசுதேன்."

நாகராஜ் அந்தத் துருவலையே பார்த்தான். "காட்டுனா ரெண்டு நாளா என்னா பண்ணுனேன்னு கேப்பாங்க சார்" என்றான். கையைப் பனியன் துணியில் துடைத்துப்போட்டான்.

ஸ்டெப்னி மாட்டி, நான்கையும் அளந்து, மற்ற மூன்று வால்விலும் சந்தனத்தைத் துடைத்துப் பின் மாற்றினோம். சார் என்னைப் பார்த்தார். பொத்தானை அமுக்கினேன். மூன்று தடவை மினுக்கி அணைந்தது. நான்காவது தடவையும் மினுக்கியதாகத் தோன்றி, மறுபடி பார்க்கச் சொன்னேன். நாகராஜ் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனான். அதிகாரி அதற்குள் வாடகைக் காரில் போய்விட்டிருந்தார்.

மறுவாரம் அந்தச் சாம்பல் கார் காற்றுக்கு வந்தபோது வேறொருவர் ஓட்டி வந்தார். பழைய டிரைவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றார். எங்கே போனான் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகையில்லை. டயர் வெடித்திருந்தால் ஊரே பார்த்திருக்கும். வெடிக்காததை யார் பார்த்தது? ஏர்போர்ட் வரை தாங்கியிருக்குமோ, அவன் வேலையும் தங்கியிருக்குமோ. ஒரு நாள் சாரிடம் கேட்டே விட்டேன், அது வெடித்திருக்குமா என்று. கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சிக்கிடணும்னா வண்டிய விட்டுருக்கணும்லா" என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை. ராயக்கோட்டைத் தக்காளி டெம்போ ஒன்று ஓரம் கட்டி நின்றது. இறங்கியது நாகராஜ். இளைத்திருந்தான். பக்கத்தில் வந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. "காத்து பாக்கணும்" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

ஓஸை எடுத்துக்கொண்டு போனேன். சக்கரங்களில் புதுச் சந்தனம், குங்குமம், நசுங்கிய எலுமிச்சம்பழம். ஆனால் ஒவ்வொரு வால்வின் மேலும் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, நூலால் இறுகக் கட்டியிருந்தான். ஒரு பொட்டுச் சந்தனம் உள்ளே போக வழியில்லை.

நான் நூலை அவிழ்க்கவில்லை. முதலில் புறங்கையை வைத்தேன். கொதித்தது. வண்டி நிறையத் தக்காளி, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சார் உள்ளே இருந்தார், கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

"ஆறட்டும்" என்றேன்.

அவன் ஒரு நிமிஷம் ரோட்டைப் பார்த்தான். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தான்.

"சரிக்கா" என்றான்.